கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போடுவதற்கு முன்னால்

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூரை அடித்துப் போட்டபோது எங்கள் வீட்டு ஓட்டில் பாதி போய்விட்டது. பரண் மேல் இருந்த ட்ரங்க் பெட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்கியது அன்றைக்குத் தெரியவில்லை. தெருவுக்குக் கரண்ட் திரும்பி வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது, அதற்குள் அரிசி, துணி, பிள்ளைகளின் புத்தகம் என்று அலைந்ததில் அந்தப் பெட்டியை யாருமே நினைக்கவில்லை. பொங்கல் கழித்துத் திறந்தால், பத்திரம், ஜாதகம் எல்லாம் ஊறிப்போய், அடியில் என் அக்கா கல்யாண சிடி மூன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன.

2004 ஆவணியில் திருவந்திபுரத்தில் நடந்த கல்யாணம் அது. கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆவணி முகூர்த்த நாளில் அங்கே ஒரே காலையில் எத்தனை ஜோடி நிற்கும் என்று. அந்தக் கூட்டத்தில் எங்கள் ஆயா வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு படியேறி வருவார், வீடியோக்காரர் அவர் முகத்தை நன்றாகப் பிடித்திருந்தார். ஆயா 2006-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு என்று எங்களிடம் இருந்த ஒரே போட்டோ ரேஷன் கார்டில் இருந்தது, அதுவும் மங்கல். அதனால்தான் அந்த மூன்று சிடித் தட்டும் எனக்கு அவ்வளவு முக்கியம்.

டிவிக்குக் கீழே இருந்த விசிடி ப்ளேயரில் போட்டதும் 'நோ டிஸ்க்' என்றது. கம்ப்யூட்டரில் போட்டேன், ஒரு நிமிடம் சுற்றிவிட்டு, கம்ப்யூட்டரோடு வந்திருந்த ப்ளேயர் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று செய்தி காட்டியது. பஜாரில் ஒரு கடையில் காட்டினேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு "கெட்டுப்போச்சுக்கா, தூக்கிப் போட்டுடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படம் எடுத்தவரிடம் தாய்க் கேசட் இருக்குமா என்று கேட்டதற்கு, அதன் மேலேயே வேறு கல்யாணம் எடுத்தாயிற்று என்றார். அன்றைக்கு ராத்திரி நான் நன்றாக அழுதேன்.

அப்புறம் என் சித்தி மகன், பாண்டிச்சேரியில் படித்துக்கொண்டிருந்தவன், வீட்டுக்கு வந்தபோது அவன் பென் டிரைவிலிருந்து விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். சாலையில் வைக்கிற ஆரஞ்சுக் கூம்புதான் அதன் அடையாளம், உங்களில் முக்கால்வாசிப் பேர் கம்ப்யூட்டரில் அது இருக்கும். 1996-ல் பாரிசில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தங்கள் வளாகத்துக்குள் வீடியோ அனுப்புவதற்காகத் தொடங்கியது, 2001-ல் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி மூல நிரலோடு வெளியே விட்டார்கள், இன்றைக்கு வரைக்கும் காசும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முதல் தட்டைப் போட்டு, எம்பெக்ஏவி என்ற ஃபோல்டருக்குள் இருந்த 'டேட்' கோப்பை இழுத்து விஎல்சிக்குள் போட்டதும், கட்டம் கட்டமாகச் சிதறி, ஒரு நிமிடம் பச்சையாக நின்று, பிறகு நாதஸ்வரம் கேட்டது.

அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு இந்தப் பதின்மூன்று பதினான்கு வருடங்களாக மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்துக்கொண்டே அக்கம்பக்கத்தார் கொண்டு வருகிற பழைய சிடி, டிவிடி, மெமரி கார்டு எல்லாவற்றையும் திறந்து பார்த்துக் கொடுக்கிறேன். என் அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது, 'ஓடவில்லை' என்பதும் 'கெட்டுப்போச்சு' என்பதும் வேறு வேறு. ஒரு வீடியோ ஓடாமல் போக நாலைந்து காரணம் இருக்கும், அதில் ஒன்றுதான் கோப்பு அழிந்திருப்பது. மற்றதெல்லாம் சரி செய்யக்கூடியவை. எது என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

முதலில் தட்டு விஷயம். சிடியில் தகவல் எழுதியிருப்பது பளபளப்பான அடிப்பக்கத்தில் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெயர் எழுதுகிற மேல்பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது, அடியில் இருப்பது வெறும் தடித்த பிளாஸ்டிக். அதனால் அடியில் கீறல் விழுந்தால் பிழைக்க வழி உண்டு, மேலே உரிந்தால் அந்த இடம் போனது போனதுதான். எங்கள் தட்டில் படம் எடுத்தவர் மணமக்கள் பெயர் போட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார், ஊறிப்போன அந்த ஸ்டிக்கரைப் பிய்க்க நான் கையை வைத்தேன், சித்தி மகன் கையைத் தட்டிவிட்டான். பிய்த்திருந்தால் தகவல் அடுக்கும் அதோடு வந்திருக்கும். நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியால் நடு ஓட்டையிலிருந்து வெளிவிளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழுகிற கீறல் தடத்தோடு தடமாக ஓடிவிடும், அதைப் படிப்பது கஷ்டம். நிழலில் காய வைக்க வேண்டும், வெயிலில் கூடாது.

அடுத்தது, ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிக்கும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். லேப்டாப்பில் செருகுகிற மெல்லிய டிரைவ் கைவிட்ட தட்டை, எங்கள் கடையின் பழைய டெஸ்க்டாப்பில் இருந்த கனமான டிரைவ் முனகிக்கொண்டே படித்திருக்கிறது. அதனால் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும்போது அந்த டிரைவை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வருகிற கம்ப்யூட்டரில் பாதிக்குமேல் அது இல்லை.

அக்கா கல்யாணத்தைக் காப்பி எடுத்த விதம் இப்படி. முழுக்கோப்பையும் நகலெடுக்கப் போனால் பாதியில் 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று ஒரு பிழை வந்து, அதுவரைக்கும் எடுத்ததையும் சேர்த்து அழித்துவிடும். விஎல்சியில் அப்படி இல்லை, படிக்க முடிகிற இடத்தைக் காட்டும், சிக்குகிற இடத்தில் நிற்கும், அப்போது கீழே இருக்கும் கோட்டில் அரை நிமிடம் தள்ளி அமுக்கினால் மறுபடி ஓடும். 'வியூ' பட்டியலில் 'அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, அதை டிக் செய்தால் சிவப்பு ரெக்கார்டு பொத்தான் வரும். ஓட ஆரம்பித்ததும் அதை ஒரு தரம் அமுக்கி, சிக்குவதற்கு முன்னால் இன்னொரு தரம் அமுக்கினால் அந்தத் துண்டு மட்டும் வீடியோஸ் ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று ராத்திரி உட்கார்ந்து, இருபத்தேழு துண்டாக எடுத்தேன். கொஞ்சம் பொறுமை வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம். இன்றைக்கு இந்த வேலைக்கென்றே ஐசோபஸ்டர் மாதிரி மென்பொருள்கள் இருப்பது தெரியும், சேதமான தட்டு என்றால் முதலிலேயே அதில் முயன்று பார்க்கலாம். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இதுதான், இதிலேயே பெரும்பகுதி கிடைத்தது.

தட்டு எதுவும் கெடாமல், கோப்பும் நன்றாக இருந்து, பார்க்க மட்டும் கோளாறாகத் தெரிகிற வீடியோக்கள்தான் கடைக்கு அதிகம் வருகின்றன. முதுநகரிலிருந்து ஒரு மாமா அவர் மகன் கல்யாண டிவிடியைக் கொண்டு வந்தார். யாராவது கையை அசைத்தால் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிகிறது, அதனால் அந்தத் தட்டை இருபது வருடமாகப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அது கோளாறே இல்லை. அந்தக் காலத்து கேமரா ஒரு ஃபிரேமை, அதாவது வீடியோவின் ஒரு தனிப்படத்தை, ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு பாதியாகப் பிரித்து எடுக்கும், வினாடிக்கு ஐம்பது பாதி. குண்டு டிவியில் அது சரியாகத் தெரியும், கம்ப்யூட்டர் இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுவதால் அசைகிற இடத்தில் பல் பல்லாகத் தெரிகிறது. விசைப்பலகையில் 'டி' எழுத்தை ஒரு தரம் தட்டினேன், கோடு மறைந்துவிட்டது. மாமா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் போனார், நான் கடையைச் சாத்த ஒன்பதரை ஆயிற்று.

எல்லோரும் குட்டையாக, குண்டாகத் தெரிந்தால் அது 4:3 அளவில் எடுத்ததை அகலத்திரைக்கு இழுத்துவிட்டது, 'ஏ' எழுத்தைத் தட்டத் தட்ட அளவு மாறிக்கொண்டே போகும், முகம் சரியாகும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். போனில் எடுத்தது படுத்துக்கிடந்தால், 'எஃபெக்ட்ஸ் அண்டு ஃபில்டர்ஸ்' உள்ளே வீடியோ பகுதியில் ஜியோமெட்ரி என்ற இடத்தில் திருப்பலாம். ஆனால் இதெல்லாம் பார்க்கும் நேரத்துக்கு மட்டும்தான், கோப்பு அப்படியே இருக்கும். "நேத்து நீங்க நிமித்திக் குடுத்தீங்க, இன்னிக்கு மறுபடி படுத்துக்கிச்சு" என்று ஒரு தம்பி திரும்ப வந்தபோதுதான் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. நிரந்தரமாகத் திருப்ப வேண்டுமென்றால் வேறு கோப்பாக மாற்றித்தான் சேமிக்க வேண்டும். அந்த வேலைக்கு விஎல்சியிலும் வழி இருக்கிறது, நான் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் செய்கிறேன், அது எனக்குக் கைக்கு வசதி.

சத்தம் விஷயத்தில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது ஒன்று உண்டு. அக்கா கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்து மந்திரம் எதுவும் கேட்காது, நாதஸ்வரமும் கூட்டமும்தான் கேட்கும், அப்படியே எடுத்துவிட்டார்கள் என்றுதான் ஏழெட்டு வருடம் நினைத்திருந்தோம். ஒருநாள் 'ஆடியோ' பட்டியலில் 'ஸ்டீரியோ மோடு' என்பதை 'லெஃப்ட்' என்று மாற்றிப் பார்த்தேன். இடப்பக்கத்தில் மைக்கில் எடுத்த ஐயர் குரல் தனியாக, தெளிவாக இருந்தது. அதற்குள்ளே எங்கள் ஆயா "தட்டப் புடிடி, தட்டப் புடி" என்று என்னைத்தான் அதட்டுகிறார். எட்டு வருடம் கழித்து அவர் குரலை அங்கேதான் கேட்டேன். பழைய வீடியோவில் பேச்சு கேட்கவில்லை என்றால் சத்தத்தை 125 வரைக்கும் ஏற்றுவதற்கு முன்னால் இடது, வலது இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் வெறும் இரைச்சலாக இருந்து இன்னொரு பக்கம் சுத்தமாக இருப்பதை அப்புறம் பல வீடியோவில் பார்த்திருக்கிறேன்.

சரி, போனில் எடுத்து அனுப்பும் வீடியோவுக்கு வருவோம். சத்தம் வருகிறது, படம் மட்டும் நின்று நின்று நகர்கிறது, அல்லது முதல் காட்சியோடு உறைந்துவிடுகிறது. இப்போது வரும் புகார்களில் இதுதான் முக்கியம். புது போன்கள் இடத்தை மிச்சப்படுத்த எச்265 என்ற முறையில் சுருக்கி எடுக்கின்றன, எச்இவிசி என்றும் சொல்வார்கள். கோப்பு சின்னது, ஆனால் விரித்துக் காட்ட கம்ப்யூட்டர் அதிகம் உழைக்க வேண்டும். இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசசரிலிருந்துதான் இதை விரிக்கத் தனி வசதி உள்ளேயே இருக்கிறது, அதற்கு முந்தைய கம்ப்யூட்டர் தன் மூளையைக் கசக்கித்தான் காட்ட வேண்டும். இது உங்கள் வீடியோவா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஓடும்போதே கன்ட்ரோலும் 'ஜே'யும் சேர்த்து அமுக்குங்கள், கோடெக் என்ற இடத்தில் எழுதியிருக்கும். எந்த வீடியோ வந்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான், டாக்டர் நாடி பிடிப்பது மாதிரி. எச்265 என்று இருந்தால், 'பிரிஃபரென்ஸ்' உள்ளே 'இன்புட், கோடெக்ஸ்' பகுதியில் ஹார்டுவேர் டிகோடிங் என்பதை மாற்றி மாற்றிப் பார்க்கலாம், அந்தத் தனி வசதியைப் பயன்படுத்தச் சொல்கிற இடம் அது. புது கம்ப்யூட்டரில் அது 'ஆட்டோமேட்டிக்'கில் இருக்கட்டும். படம் பச்சையாக, ஊதாவாகச் சிதறினால் 'டிசேபிள்' செய்து பாருங்கள், திரையை இயக்கும் 'டிரைவர்' மென்பொருள் ஒத்துவராததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் என்றால் போராட வேண்டாம், எச்264 என்ற முந்தைய முறைக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூலத்தை அழிக்காதீர்கள். மாற்றினால் தரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும், நாளைக்கு வேறு கம்ப்யூட்டர் வாங்கும்போது மூலம்தான் வேண்டும்.

என்னால் முடியாமல் போனதையும் சொல்ல வேண்டும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சுத்துப்பட்டு ஊர் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். எங்கள் தெருப் பையன் ஒருவன் புதுசாக வாங்கிய கேமராவில் அவன் ஊர் சாமி கடலில் இறங்குவதை நாற்பது நிமிடம் எடுத்திருக்கிறான், கடைசியில் பேட்டரி தீர்ந்து கேமரா தானாக அணைந்துவிட்டது. கோப்பு இருக்கிறது, மூன்று ஜிபிக்கு மேல் கனம் இருக்கிறது, எதில் போட்டாலும் ஓடவில்லை. நானும் விஎல்சியில் போட்டேன், அதிலும் இல்லை. எம்பி4 கோப்பில், எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற குறிப்பை கேமரா பெரும்பாலும் கடைசியில்தான் எழுதும், ரெக்கார்டு பொத்தானை நிறுத்தும்போது. அதற்கு முன் உயிர் போனால் காட்சி எல்லாம் உள்ளே இருந்தும் வழிகாட்டி இல்லாமல் போய்விடும், பொருளடக்கமும் பக்க எண்ணும் கிழிந்துபோன புத்தகம் மாதிரி. பழைய ஏவிஐ கோப்பு இப்படி ஆனால் விஎல்சியே கேட்கும், 'இண்டெக்ஸ் கட்டிவிட்டு ஓட்டவா' என்று, சரி என்றால் அந்த நேரத்துக்குக் கட்டிக்கொண்டு ஓட்டும். எம்பி4-க்கு அது நடக்காது.

நான் அன்றைக்கு ஒரு தப்பு செய்தேன். "அவ்ளோதான் தம்பி" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பஜார் கடையில் எனக்குச் சொன்னதையே. அவனும் மறுநாள் கார்டை ஃபார்மட் செய்து வேறு எடுக்க ஆரம்பித்துவிட்டான். ஒரு மாதம் கழித்துத்தான் அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருளைப் பற்றித் தெரிந்துகொண்டேன், அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த வேறொரு நல்ல வீடியோவைக் காட்டினால் அதை மாதிரியாக வைத்துக்கொண்டு உடைந்ததைச் சரி செய்யப் பார்க்கும். பிற்பாடு இரண்டு பேருக்கு அதில் மீட்டுக் கொடுத்தேன். அந்தப் பையனுக்கு மட்டும் முடியவில்லை, அவன் ஊர் சாமி கடலில் இறங்கியது போனது போனதுதான். இன்றைக்கும் அவனைத் தெருவில் பார்த்தால் எனக்கு அது ஞாபகம் வரும். ஆகவே கேமரா வைத்திருப்பவர்களே, பேட்டரி ஒரு கோடுக்கு வந்ததும் நீங்களாகவே நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள், நீளமாக ஒரே மூச்சில் எடுக்காமல் பத்துப் பத்து நிமிடமாக எடுங்கள், ஓடாத கோப்பு இருக்கிற கார்டில் அதற்கப்புறம் ஒரு போட்டோகூட எடுக்காதீர்கள். கம்ப்யூட்டர் திரையைப் பதிவு செய்பவர்கள் எம்கேவி என்ற வகையில் பதிவு செய்யுங்கள், நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை எடுத்தது தங்கும்.

தமிழ் சப்டைட்டில் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். புதுப்பாளையத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், காது கேட்காத தன் தங்கைக்காக வீட்டு விசேஷ வீடியோக்களுக்கெல்லாம் பேச்சைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். என்ன பாசம் பாருங்கள், ஒரு வளைகாப்பு வீடியோவுக்கு மட்டும் அறுநூறு வரிக்கு மேல். திரையில் போட்டால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தது. அவர் தட்டச்சு செய்திருந்தது பழைய வகை எழுத்துருவில், அதில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துதான். முதலில் அதை, தமிழைத் தமிழாகவே பதிகிற யூனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றி, நோட்பேடில் சேமிக்கும்போது கீழே 'யுடிஎஃப்-8' என்று இருக்கிறதா என்று பாருங்கள், 'ஆன்சி' என்று இருந்து சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக மாறிவிடும், திரும்ப வராது. அதற்கப்புறமும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் 'பிரிஃபரென்ஸ்' உள்ளே சப்டைட்டில் பகுதியில் எழுத்துருவை நிர்மலா யுஐ என்று மாற்றுங்கள், விண்டோஸ் 7 என்றால் லதா. வீடியோவுக்கும் சப்டைட்டில் கோப்புக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டால் தானாக எடுத்துக்கொள்ளும்.

எழுத்து முந்தியோ பிந்தியோ வந்தால் 'ஜி', 'எச்' இரண்டு எழுத்தும் போதும், ஒவ்வொரு தட்டுக்கும் 50 மில்லி வினாடி நகரும். 'எச்' தட்டினால் தாமதமாக வரும், 'ஜி' தட்டினால் சீக்கிரம் வரும். அதேபோல் வாய் அசைவும் சத்தமும் ஒட்டவில்லை என்றால் 'ஜே', 'கே'. ஆரம்பத்தில் ஒட்டி, போகப்போக விலகினால் மட்டும் இதில் சரியாகாது, அது ஃபிரேம் கணக்கு வேறுபடுவது, 'டிராக் சின்க்ரனைசேஷன்' என்ற இடத்தில் சப்டைட்டில் வேகத்தை மாற்ற வேண்டும். ஆசிரியரின் தங்கை எங்கள் கடைக்கே வந்து உட்கார்ந்து பார்த்தார். ஒரு இடத்தில் சத்தமாகச் சிரித்தார், அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

எங்கிருந்து இறக்குவது என்பதிலும் கவனம் வேண்டும். 2022-ல் பல மாதம் விஎல்சியின் சொந்த இணையதளம் இந்தியாவில் திறக்கவே இல்லை, தடை செய்யப்பட்டிருந்தது, அந்த வருடம் நவம்பரில்தான் நீங்கியது. ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்த விஎல்சி பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது, புதிதாக இறக்கப் போனவர்களுக்குத்தான் தொல்லை. அந்தச் சமயத்தில் கிடைத்த இடத்திலிருந்து இறக்கி, கூடவே கேட்காத தேடல் பட்டை, விளம்பரம், இன்னும் ஏதேதோ வந்து சேர்ந்த கம்ப்யூட்டர்களை நான் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். வீடியோலேன் என்பதுதான் அதை நடத்தும் அமைப்பின் பெயர், அந்தப் பெயரில் இருக்கும் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். காசு கேட்டால், கார்டு எண் கேட்டால், மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். நான் ஒவ்வொரு புதுப் பதிப்பின் நிறுவும் கோப்பையும் ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன், புயலில் நெட் போனாலும் கையில் இருக்கும். இன்னொன்று, டிசம்பர் கடைசியில் திரையில் தெரிகிற கூம்புக்கு சிவப்புத் தொப்பி வந்துவிடும், "வைரஸாக்கா?" என்று வருடா வருடம் யாராவது பதறிக்கொண்டு கேட்பார்கள். கிறிஸ்துமஸுக்காக அவர்களே வைத்திருப்பது, பயப்பட வேண்டாம், புது வருடத்தில் போய்விடும்.

ஆயா போட்டோ கதையைச் சொல்ல விட்டுவிட்டேன். எடுத்த துண்டுகளில் ஒன்பதாவதில் அவர் படியேறி வருகிறார். நிறுத்திவிட்டு 'ஈ' எழுத்தைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். அப்படி நகர்த்தி நகர்த்தி, கண் மூடாமல், தலை அசையாமல், முகம் வெளிச்சத்துக்குத் திரும்புகிற ஒரே ஒரு ஃபிரேமைப் பிடித்து, ஷிஃப்டும் 'எஸ்'ஸும் அமுக்கினேன். பிக்சர்ஸ் ஃபோல்டரில் படம் வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய் பெரிதாகப் போட்டு மாட்ட வேண்டும் என்றேன், பிரிண்ட் வந்ததும் வெறும் சதுரம் சதுரமாகப் புள்ளிகள், ஆயாவே இல்லை. விசிடியில் படம் 352-க்கு 288 புள்ளி மட்டும்தான். நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்றால் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே அவ்வளவுதான் வரும், பாதித் தரம் போதும் என்றால் இரண்டேகால் அங்குலம். டிவிடியாக இருந்தால் 720-க்கு 576, அதற்கு இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடலாம். எனவே பிரிண்ட் எடுக்கும்போதே சின்ன அளவில் போடச் சொல்லுங்கள், காசு மிச்சம். நான் மறுபடி இரண்டு அங்குலத்தில் போட்டு, சுற்றி நிறைய வெள்ளை இடம் விட்ட ஃபிரேமில் வைத்தேன், அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

மூன்றாவது தட்டில் கடைசிப் பதினொரு நிமிடம் மட்டும் இன்னும் வரவில்லை. சிடியில் உள்ளிருந்து வெளியேதான் எழுதுவார்கள், கடைசிக் காட்சிகள் வெளிவிளிம்பில் இருக்கும், தண்ணீர் முதலில் ஏறியதும் அங்கேதான். அக்கா புறப்படும்போது ஆயா அவள் கையில் எதையோ மடித்து வைத்ததாக அக்கா சொல்வாள், அது அந்தப் பதினொரு நிமிடத்தில் இருக்க வேண்டும். போன மாதம் நெய்வேலியிலிருந்து ஒருவர் பழைய டெஸ்க்டாப் ஒன்றை விற்பதற்குக் கொண்டு வந்தார், நான் இதுவரை முயன்று பார்க்காத வகை டிரைவ் அதில் இருந்தது, வாங்கிவிட்டேன். தட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அக்காவும் பண்ருட்டியிலிருந்து வருகிறாள்.